வியன்னாவில் ஒரு நாள்: பகலில் புரூகல், இரவில் ஓபரா

வியன்னாவுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கிப் போகிறவர்கள் குறைவு. ப்ராகுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ கிடைக்கும், அதற்குள் அரண்மனை, தேவாலயம், கேக், குதிரை வண்டி என்று எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என ஓடுவார்கள். அந்த ஒரு நாளில் இரண்டே இரண்டு காரியம் போதும் என்பது என் கட்சி. பகலில், புரூகல் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஓவியரின் படங்கள் இருக்கிற குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் மியூசியம், அதாவது கலை வரலாற்று மியூசியம். பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம், ஊர்க்காரர்களே ‘கா ஹா எம்’ என்றுதான் சுருக்குகிறார்கள். இரவில் ஓபரா, அதாவது பாடியே நடிக்கிற இசை நாடகம், நடக்கிற ஸ்டாட்ஸ்ஓப்பர் என்கிற அரசு அரங்கம். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நிமிட நடைதான்.

செலவும் பயப்படும்படி இல்லை. மியூசியம் டிக்கெட் 20 யூரோவை ஒட்டி இருக்கும், 19 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட்டை 20 யூரோவுக்குள் வாங்கிவிடலாம், அதே காட்சிக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் 200 யூரோவுக்கு மேல் கொடுத்திருப்பார். ஆக, பணமும் தூரமும் பிரச்சினை இல்லை. பிரச்சினை உங்கள் கால்கள். பகல் முழுக்கக் கல்தரையில் நடந்துவிட்டு, இரவு மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டாவது அங்கத்தில் கதாநாயகி சாகும்போது உங்களுக்கு முழங்காலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. அதனால் கீழே சொல்லப்போகிற எல்லா யோசனைகளும் கால்களைச் சேமித்து வைப்பதைப் பற்றியவைதான்.

எந்த நாள், எந்த ஓபரா

முதலில் கிழமை. செப்டம்பரிலிருந்து மே வரை கா ஹா எம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை, வியாழன் மட்டும் இரவு 9 வரை. கோடை மாதங்களில் தினமும் திறந்திருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஓபராவுக்கு விடுமுறை. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையை நம்பிப் போகிறவர்களுக்கு மே மாதம் சரியாக வரும், ஜூனிலும் ஓபரா உண்டு. திங்கட்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஓபராவுக்குப் பின்புறமே இருக்கிற ஆல்பர்டினா மியூசியத்துக்கோ, ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ இருக்கிற மேல் பெல்வடேர் மியூசியத்துக்கோ போங்கள், அவை திங்களன்றும் திறந்திருக்கும். புறப்படுவதற்கு முன் அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை நேரத்தைப் பார்த்துவிடுங்கள், நேரங்கள் அவ்வப்போது மாறும்.

அப்புறம், அன்றிரவு என்ன ஓபரா என்பது. ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் இந்த அரங்கத்தில் கிடையாது. இன்று ஒரு ஓபரா, நாளை வேறொன்று, மறுநாள் பாலே என்று மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகிற நாளில் எது வாய்க்கிறதோ அதுதான். அதனால் பயணத் தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த முடியுமென்றால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது புச்சினியின் ‘லா போஹேம்’. இடைவேளையையும் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கதை எளிது, பாட்டு உடனே பிடித்துப்போகும். 1963இல் இத்தாலிய இயக்குநர் செஃபிரெல்லி அமைத்த மேடையையே இங்கே இன்னமும் வைத்திருக்கிறார்கள், இரண்டாவது அங்கத்தில் திரை விலகியதும் பாரிஸ் தெரு ஒன்று இரண்டு அடுக்காகக் கூட்டத்தோடு எழுந்து நிற்கும், அதற்கே கைதட்டுவார்கள். ‘டோஸ்கா’ கிடைத்தாலும் விடாதீர்கள். அந்த மேடையமைப்பு 1958இலிருந்து வருகிறது, தாத்தா பார்த்ததையே பேரனும் பார்க்கிறான். மொஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791இல் இதே ஊரில்தான் முதலில் அரங்கேறியது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

வாக்னர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரைப் பார்த்தால் மட்டும் நிதானியுங்கள். மோசம் என்று சொல்லவில்லை, எனக்கு உயிர். ஆனால் அவருடைய ‘பார்சிஃபால்’ இடைவேளைகளோடு ஐந்து மணி நேரத்தை நெருங்கும், அதை நின்றுகொண்டு பார்க்கிறவர்கள் வருடக்கணக்காகப் பழகியவர்கள். இன்னொரு பக்கம், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’, ‘எலெக்ட்ரா’ இரண்டும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், இடைவேளையே கிடையாது. நேரம் குறைவு என்று ஏமாந்துவிடாதீர்கள், நடுவில் காலை நீட்டவே வாய்ப்பில்லை, இசையும் ஆளைப் பிழிந்து போட்டுவிடும்.

காலை 10 மணி

நின்று பார்க்கும் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை. காட்சி நடக்கிற அன்றே காலை 10 மணிக்கு ஓபராவின் சொந்த இணையதளத்தில் விற்பனை தொடங்கும். மியூசியம் கதவு திறக்கிறதும் அதே 10 மணிக்குத்தான். அதனால் ஒன்பதே முக்காலுக்கு மரியா தெரேசா சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள், நடுவில் பெரிய ராணி சிலை, அதன் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல இரண்டு கட்டிடங்கள். ஒன்று இயற்கை வரலாற்று மியூசியம், 1889இல் திறந்தது. இன்னொன்று நம்முடையது, 1891இல் திறந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஓபரா தளத்தில் கணக்கு ஏற்கெனவே தொடங்கி உள்நுழைந்து வைத்திருக்கும் போனில் 10 மணிக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். பெரிய பாடகர் யாரும் இல்லாத சாதாரண செவ்வாய், புதன் என்றால் அவ்வளவு அவசரமில்லை. இணையத்தில் தீராமல் மிச்சமிருந்தால் காட்சிக்கு 80 நிமிடம் முன்பு அரங்கத்தின் கவுண்டரிலும் கொடுப்பார்கள், ஆனால் அந்த வரிசையில் நிற்பதும் காலுக்குத்தான் செலவு.

நிற்கும் இடம் மூன்று மட்டத்தில் இருக்கிறது: தரைத்தளம், பால்கனி, அதற்கும் மேலே உச்சி மாடம். தரைத்தளத்தில் நிற்கிற பகுதி அரங்கத்தின் சரியான நடுவில், அந்தக் காலத்து அரச மாடத்துக்கு நேர் கீழே வருகிறது, பேரரசருக்குக் கிடைத்த அதே கோணம் உங்களுக்கும். அது இருந்தால் முதலில் அதை எடுங்கள். உச்சி மாடத்தில் மேடை சிறியதாகத் தெரிந்தாலும் ஒலி அருமையாக இருக்கும், இசைக்காகவே வருகிற பழம்பெருச்சாளிகள் பலர் அங்கேதான் நிற்பார்கள். பக்கவாட்டு ஓரத்தில் கிடைத்தால் பாதி மேடை மறையும், கவனம்.

நிற்க முடியாதவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள், உட்காரும் டிக்கெட்டை மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. அதில் ஒரு பொறி இருக்கிறது. தனி மாடங்களில் பின்வரிசை நாற்காலிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து மேடை தெரியாது, எல்லோரும் கடைசியில் எழுந்து நின்று எட்டித்தான் பார்ப்பார்கள். அந்தக் காசுக்கு மேலே நடுப்பகுதியில் ஒரு நாற்காலி பார்த்து வாங்குவது மேல்.

ஓபராவைச் சுற்றியுள்ள தெருக்களில் மொஸார்ட் மாதிரி வெள்ளை டோப்பாவும் சிவப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு கையில் பட்டியலோடு சிலர் மடக்குவார்கள். அவர்கள் விற்பது வேறு மண்டபங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கிற கச்சேரிகளுக்கான டிக்கெட். அது மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த ஓபரா அது அல்ல. சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மியூசியத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

உள்ளே போனதும் முதுகுப்பையையும் கோட்டையும் கீழே வைத்துவிடுங்கள், எப்படியும் பெரிய பையோடு விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை ஊரில் எங்கே வேண்டுமானாலும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம், 1873இல் போட்ட குழாய் வழியாக ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் இந்த ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது, கடையில் காசு கொடுத்து வாங்குவது வீண்.

எகிப்து, கிரேக்கம், ரோம் எல்லாம் நுழைந்த தளத்திலேயே இருக்கின்றன. இழுக்கும். போகாதீர்கள். எகிப்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் புரூகலுக்குக் கால் இருக்காது. நேராக மாடிப்படி ஏறுங்கள், பாதி ஏறியதும் தீசியஸ் என்ற கிரேக்க வீரன் ஒரு குதிரைமனிதனைத் தடியால் அடிப்பதைச் சிற்பி கனோவா செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிலை வரும், அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். தூண்களுக்கும் வளைவுகளுக்கும் இடையே சின்னச் சின்ன முக்கோண இடங்களில் வரைந்திருக்கிற பெண்கள் சிலர், 1890 வாக்கில் கிளிம்ட் வரைந்தவர்கள். அப்போது அவர் 30 வயதைத் தொடாத, கட்டிடங்களுக்கு அலங்காரம் செய்து பிழைத்த ஓவியர். பின்னால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த, தங்கம் ஒட்டுகிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது என்பது எகிப்தியப் பெண்ணைப் பார்த்தால் தெரியும்.

மேல் தளத்தில் ஓவியங்கள். ஒரு பக்கம் நெதர்லாந்து, ஜெர்மனி. இன்னொரு பக்கம் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் முதலில் 10ஆம் எண் கூடத்துக்குப் போய்விடுங்கள். பீட்டர் புரூகல் வரைந்த பலகை ஓவியங்கள் உலகத்தில் மொத்தமே நாற்பது சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் 12 இந்த மியூசியத்தில். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தினர் தேடித்தேடி வாங்கியது, பிரஸ்ஸல்ஸை ஆள அனுப்பப்பட்டவர்கள் அங்கிருந்தே பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். நடுவில் சோபாக்கள் இருக்கின்றன, உட்காருங்கள், கொஞ்ச நேரம் எழுந்து போய்ப் பாருங்கள், மறுபடி உட்காருங்கள். புரூகலைத் தூரத்திலிருந்து ஒருமுறையும் மூக்கு உரசும் தூரத்திலிருந்து ஒருமுறையும் பார்க்க வேண்டும், கண்ணாடி போடுகிறவர்கள் படிக்கிற கண்ணாடியைக் கையிலேயே வைத்திருங்கள்.

1560இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ படத்திலிருந்து தொடங்கலாம். ஒரு தெரு முழுக்கக் குழந்தைகள், 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். பம்பரம் விடுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், உப்புமூட்டை தூக்குகிறார்கள், இடது கீழ் மூலையில் இரண்டு சிறுமிகள் நம் ஐந்தாங்கல் ஆட்டத்தையே எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுகிறார்கள். எந்த வழிகாட்டிக் கருவியும் இல்லாமல் நீங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டு போகலாம், குழந்தைகளைக் கூட்டிப் போனால் எத்தனை கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள், நீங்கள் நிம்மதியாக உட்காரலாம்.

‘விவசாயிகளின் கல்யாணம்’ சுமார் 1567. களஞ்சியத்தில் பந்தி நடக்கிறது. கழற்றிய கதவு ஒன்றையே தட்டாக்கி அதில் உணவுக் கிண்ணங்களை அடுக்கி இரண்டு பேர் சுமந்து வருகிறார்கள். பச்சைத் துணிக்கு முன்னால் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் மணப்பெண். மாப்பிள்ளை யார் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பைக்குழல் ஊதுகிறவன் ஊதுவதை மறந்து சாப்பாட்டையே பார்க்கிறான், சுமந்து வருகிறவர்களின் கால்களை எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடுதலாக இருப்பது போலத் தோன்றும்.

‘பாபேல் கோபுரம்’ 1563. கட்டக் கட்டவே கோபுரம் இடது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது, அடியில் ஒரு தளமே முடியவில்லை, மேலே மேகத்தைத் தொட்டுவிட்டார்கள். கீழே ராஜா வந்து நிற்கிறார், கல்கொத்தர்கள் காலில் விழுகிறார்கள். ஏதாவது கட்டுமான வேலை செய்தவர்கள் இந்தப் படத்தை விட்டு நகரமாட்டார்கள். பாரம் தூக்க மனிதர்கள் உள்ளே நடந்து சுழற்றுகிற பெரிய சக்கரம் வைத்த பளுதூக்கி, சாரம், சுண்ணாம்பு கொட்டி வெள்ளையான பகுதி, செங்கல் இறங்கிச் சிவந்த பகுதி எல்லாம் இருக்கிறது.

கடைசியாக ‘பனியில் வேட்டைக்காரர்கள்’, 1565. ஆண்ட்வெர்ப் வியாபாரி ஒருவர் தன் வீட்டுக்காக ஆறு பருவங்களை வரையச் சொல்லியிருந்தார், ஐந்துதான் மிஞ்சியது, அதில் மூன்று இங்கே இருக்கின்றன. வேட்டைக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள், மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்களும் தலையைத் தொங்கப்போட்டிருக்கின்றன. கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது, இவர்கள் வந்ததை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனியே பார்க்காத ஊரில் பிறந்தவர்களுக்கும் இந்தப் படத்தின் குளிர் பிடித்துக்கொள்ளும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் டிக்கெட் காசு செரித்துவிடும்.

இதைப் பார்த்தபின், பக்கத்திலேயே டச்சு ஓவியர் வெர்மீரின் ‘ஓவியக் கலை’. அவர் சாகும் வரை விற்காமல் தன்னிடமே வைத்திருந்த படம், செத்தபின் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்ற மனைவி பாடுபட்டார். 1940இல் இதை ஹிட்லர் வாங்கினார், போர் முடிந்தபோது ஓர் உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்டார்கள், 1946இலிருந்து இங்கே. சில சமயம் வேறு மியூசியத்துக்குக் கடனாகப் போயிருக்கும், இல்லையென்றால் வருத்தப்படாதீர்கள்.

அடுத்து எதிர்ப்பக்கத்துச் சிறகுக்குப் போங்கள். ரஃபேல், டிஷியன், காரவாஜ்ஜோ எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லோர் முன்னாலும் நின்று மரியாதை செய்யத் தேவையில்லை. நான் கேட்டுக்கொள்வது வெலாஸ்கெஸ் வரைந்த ஸ்பெயின் இளவரசி மர்கரீட்டாவின் படங்களை மட்டும். மூன்று வயதில் ரோஸ் உடையில், அப்புறம் வெள்ளையில், எட்டு வயதில் நீல உடையில். ஏன் ஸ்பெயின் குழந்தையின் படங்கள் வியன்னாவில் இருக்கின்றன என்றால், இது பெண் பார்க்கும் படலம். சொந்தத் தாய்மாமனான பேரரசர் லியோபோல்டுக்கு அவளை நிச்சயித்திருந்தார்கள், பெண் வளர்வதை அவ்வப்போது படமாக அனுப்பினார்கள். தாய்மாமன் முறை நமக்குப் புதிதல்ல, ஆனால் அவள் கல்யாணமாகி 21 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு அந்த நீல உடைக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

இந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான் வியன்னாவில் ஓபரா பைத்தியம் உச்சத்துக்குப் போனது. லியோபோல்ட் தானே இசையமைக்கிறவர். செஸ்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளரிடம் ‘தங்க ஆப்பிள்’ என்றொரு ஓபரா எழுதச் சொல்லி, அதில் சில பகுதிகளுக்குத் தானும் இசையமைத்து, அதற்கென்றே ஒரு மரத் தியேட்டரைக் கட்டி, 1668 ஜூலையில் மர்கரீட்டாவின் 17ஆவது பிறந்தநாளை ஒட்டி இரண்டு நாள் நடத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட காட்சி மாற்றங்கள், மேகத்தில் இறங்கும் தெய்வங்கள், எரியும் நரகம். கதை முடிவில் அந்த ஆப்பிள் யாருக்கு என்று கேட்டால், வேறு யாருக்கு, புது மகாராணிக்குத்தான். மதியம் சுவரில் பார்க்கிற இந்தக் குழந்தைக்கும் இரவில் நீங்கள் போகப்போகிற இடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது தெரிந்தால் நாள் இரண்டு துண்டாக உடையாது.

கால் இன்னும் இருந்தால், கீழே இறங்கும் வழியில் குன்ஸ்ட்காமர் என்கிற அரும்பொருள் பிரிவில் இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி செய்த தங்க உப்புக்கிண்ணம் ஒன்றை மட்டும் பாருங்கள். பிரெஞ்சு அரசருக்காக 1540களில் செய்தது. 2003இல் ஒருவன் கட்டிட வேலைக்காகக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி, ஜன்னல் வழியாக நுழைந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான், 2006இல் காட்டில் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். குவிமாடத்துக்குக் கீழே ஒரு கஃபே இருக்கிறது, உலகத்தின் அழகான கஃபேக்களில் ஒன்று என்று சொல்வார்கள், சொல்வதில் தப்பில்லை, விலையும் அதற்குத் தகுந்தது. மெலாஞ்ச் என்கிற பால் நுரைக் காபி ஒன்று வாங்கினால் கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வரும், அவசரப்படுத்த மாட்டார்கள். இதுவும் கால் சேமிப்புதான்.

மதியம்

ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணிக்கு மியூசியத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆறு மணி வரை திறந்திருக்கிறதே என்று நப்பாசைப்படாதீர்கள்.

சாப்பாட்டைக் கனமாக மதியமே முடித்துவிடுங்கள். சைவக்காரர்கள் ஓபராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற நாஷ்மார்க்ட் சந்தைக்குப் போனால் ஃபலாஃபல், ஹம்முஸ், சீஸ், ரொட்டி, பழம் என்று வயிறு நிறையும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தை கிடையாது, அன்று ஊரில் பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் சூப் சைவமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம் அறைக்குப் போய்த் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். செருப்பைக் கழற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து ஒன்றரை மணி நேரம். கட்டிலில் படுத்துக்கொண்டே அன்றிரவு ஓபராவின் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள், முடிவையும் சேர்த்து. சஸ்பென்ஸ் போய்விடும் என்ற கவலை இங்கே செல்லாது, எல்லோருக்கும் எல்லாக் கதையும் தெரியும், எப்படிப் பாடப்போகிறார்கள் என்பதற்காகத்தான் வருகிறார்கள். முக்கியமான பாட்டு இரண்டை முன்கூட்டியே கேட்டு வைத்தால் இரவில் அது வரும்போது தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும். அறை தூரம் என்றால் மியூசியத்துக்கும் ஓபராவுக்கும் நடுவில் புர்க்கார்டன் பூங்கா இருக்கிறது, மொஸார்ட் சிலைக்கு முன் பூவில் இசைக்குறி போட்டிருப்பார்கள், வெயில் இருந்தால் ஊர்க்காரர்களைப் போலப் புல்லில் படுத்துக்கொள்ளலாம்.

மாலை

உடை பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். நிற்கிற இடத்துக்குச் சுத்தமான பேண்ட், சட்டை போதும், புடவையோ சல்வாரோ கட்டிப் போனால் தாராளமாக எடுபடும். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்புக்கு உள்ளே இடமில்லை. செருப்பு விஷயத்தில் அழகை மறந்து மெத்தென்ற கறுப்பு ஷூ ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இருட்டில் யாருக்கும் தெரியாது.

காட்சி பெரும்பாலும் மாலை 7 மணியை ஒட்டித் தொடங்கும், நீளமான ஓபரா என்றால் 5, 6 மணிக்கே. டிக்கெட்டில் போட்ட நேரம் என்றால் அந்த நேரம்தான். தாமதமாக வந்தால் இடைவேளை வரை வெளியே திரையில்தான் பார்க்க வேண்டும். 1897 முதல் பத்து வருடம் இங்கே இயக்குநராக இருந்த குஸ்டாவ் மாஹ்லர் கொண்டுவந்த ஒழுங்கு இது. தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடாதே, அரங்க விளக்கை அணை என்று அவர் சொன்னபோது அரட்டையடிக்க வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கோபம் வந்தது. ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள், கோட்டையும் பையையும் ஒப்படையுங்கள்.

இடத்துக்கு எண் போட்ட டிக்கெட் என்றால் கவலையில்லை. எண் இல்லாத பகுதி என்றால், கம்பியில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டி இடம் பிடிப்பது வியன்னாவின் நெடுநாள் பழக்கம். ஜன்னல் வழியாகப் பேருந்து சீட்டில் துண்டு போட்டு வளர்ந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே கட்டிய துணியை யாரும் தொடமாட்டார்கள், நிம்மதியாக மாடிப்படி, கூடம் எல்லாம் சுற்றிவிட்டு வரலாம். சாய்ந்து நிற்க முன்கம்பி கிடைக்கிற வரிசையாகப் பிடியுங்கள், இல்லையென்றால் பின்சுவரை ஒட்டி. நடுவில் எதிலும் சாயாமல் நிற்கிற இடம்தான் மோசம்.

சுற்றுவதற்குக் கட்டிடத்தின் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். கட்டிய இருவர் வான் டெர் நூல்லும் சிக்கார்ட்ஸ்பர்க்கும். கட்டும்போதே ஊர் முழுக்க ஏச்சு, தெருமட்டம் உயர்ந்துபோனதால் கட்டிடம் புதைந்தது போல் இருக்கிறது என்று கிண்டல். 1868இல் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், சில வாரங்களில் மற்றவரும் இறந்தார், 1869 மே 25இல் ‘டான் ஜொவான்னி’யோடு திறந்தபோது இருவருமே இல்லை. 1945 மார்ச் 12இல் குண்டு விழுந்து அரங்கமும் மேடையும் எரிந்தன. முன்கூடம், பெரிய மாடிப்படி, மாயப் புல்லாங்குழல் காட்சிகளை ஷ்விண்ட் தீட்டிய மேல்கூடம் மட்டும் தப்பின. அதனால்தான் வாசலில் தங்கமும் ஓவியமுமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனால் அரங்கம் மட்டும் ஐம்பதுகளின் பாணியில் எளிமையாக இருக்கிறது. 1955 நவம்பர் 5இல் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி திறந்தார்கள்.

விளக்கு அணைந்தபின் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. உங்கள் முன்னால் கம்பியில் சின்னத் திரை இருக்கும், அதில் ஆங்கிலம் உட்படச் சில மொழிகளில் வரிகள் ஓடும், ஆரம்பிக்கும் முன்பே மொழியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஆனால் அதையே படித்துக்கொண்டிருக்காதீர்கள், மதியம் படித்த கதையே போதும். மைக் கிடையாது என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். நூறு பேர் வாசிக்கிற வாத்தியக் குழுவைத் தாண்டி ஒரு மனிதத் தொண்டை மட்டுமே மேல்மாடம் வரை எட்டுகிறது. மேடைக்கு முன்னால் குழியில் வாசிக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்கிற பேர்பெற்ற வாத்தியக் குழு தன் உறுப்பினர்களை இந்த ஓபரா வாத்தியக் குழுவிலிருந்துதான் எடுக்கிறது.

பெரிய பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரும், ‘பிராவோ’ என்று கத்துவார்கள், பெண் பாடினால் ‘பிராவா’. எப்போது தட்டுவது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கிற நரைத்த தலையைப் பார்த்துச் செய்யுங்கள். போனை அணைத்துவிடுங்கள், சைலண்டில் போட்டாலும் திரை வெளிச்சம் இருட்டில் பத்துப் பேர் கண்ணைக் குத்தும். மிட்டாய்க் காகிதத்தை மெதுவாகப் பிரித்தால் சத்தம் வராது என்பது மூடநம்பிக்கை, அது நீளமாகத்தான் வரும்.

இடைவேளை வந்ததும் முதல் வேலை உட்காருவது. படிக்கட்டோ, ஓரத்துப் பெஞ்சோ. ஷாம்பெயின் கவுண்டர் வரிசையில் நிற்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்துப்போனால் பாதியில் கிளம்பிவிடலாம், நிற்கிற இடத்திலிருந்து பலரும் அப்படிக் கிளம்புவார்கள், அந்தக் காசுக்கு ஓர் அங்கம் பார்த்தாலே லாபம். டிக்கெட்டே கிடைக்கவில்லை என்றாலும் ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பரில் பல காட்சிகளை அரங்கத்தின் பக்கவாட்டில் பெரிய திரையில் இலவசமாக நேரலையாகக் காட்டுகிறார்கள், நாற்காலியும் போட்டிருப்பார்கள். சில நாட்களில் நின்று பார்ப்பதைவிட அது சுகம்.

முடிந்து வெளியே வரும்போது பசிக்கும். அரங்கத்துக்குப் பின்னால் ஆல்பர்டினா பக்கம் இருக்கிற சாசேஜ் கடையில் கோட்டு சூட்டுப் போட்டவர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஒன்றாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அசைவம் சாப்பிடுகிறவர்கள் கேஸக்ரைனர் என்கிற, சீஸ் வைத்த சாசேஜைக் கேளுங்கள், கடிக்கும்போது சூடான சீஸ் சட்டையில் தெறிக்கும், எச்சரிக்கை. சைவக்காரர்கள் மதியமே வாங்கி அறையில் வைத்ததைச் சாப்பிடலாம். கார்ல்ஸ்ப்ளாட்ஸ் நிலையம் காலடியிலேயே இருக்கிறது, மூன்று மெட்ரோ தடங்கள் அங்கே சந்திக்கின்றன, வார நாட்களில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம் வரை ஓடும், வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய. மறுநாள் காலை ரயில் என்றால் எட்டு மணிக்கு முன்னால் எதையும் பதிவு செய்துவிடாதீர்கள்.